மேனேஜரின் தண்ணீர்க் கணக்கு

மார்ச் 2, மாலை

பாப்பாவுக்கு அண்ணி எழுதுவது. கடவுள் உன் காலைச் சீக்கிரம் தரையில் ஊன்ற வைக்கட்டும்.

நீ என் போனை எடுக்கவில்லை. சரி, எடுக்க வேண்டாம். உங்க அண்ணனிடம் சொல்லிவிடலாம் என்றால், அவர் பஸ் ஓட்டுகிற மாதிரிதான் சேதியும் சொல்வார். பாதியை வழியில் இறக்கிவிட்டு மீதியோடு வந்து நிற்பார். அதனால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். நாளை மதியம் வண்டியை உங்க ஊரில் விட்டதும் நேராக உன்னிடம் வருவார். ராத்திரி தங்கி, மறுநாள் காலையில் வண்டியை எடுப்பார். பதில் எழுதினால் அவர் கையில் கொடு.

பதறாமல் படி. மேனேஜர் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. கிட்னி வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

உனக்குக் காலில் ஆபரேஷன் என்று அதை நான் கூட்டி வந்த நாளிலிருந்து சொல்கிறேன். முதலில் நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு அறையாகப் போய் மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, திருப்தி இல்லாத முகத்தோடு வெளியே வரும். உங்க ஃபேக்டரி மேனேஜர் வேலையை விட்டுப் போன வாரத்தில் வந்த நாய்க்குட்டி என்று நீ அந்தப் பேரை வைத்தது தப்பே இல்லை. ஒரு நாள் சாமி படத்துக்கு நேர் கீழே காலைத் தூக்கிவிட்டது. நான் கத்தினேன். இல்லை என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்குள் ஒரு சொட்டு கிடையாது. வெளியே கூட்டிப் போனாலும் செடியை மோந்துவிட்டுத் திரும்பிவிடும். "பாத்தீங்களா, ஒரு தடவை சொன்னா எப்படிக் கேட்டுக்குது, உங்க தங்கச்சி மாதிரி இல்ல" என்று உங்க அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன்.

பிறகு வாந்தி. சாப்பாட்டைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாயில் ஒரு நாற்றம், கழிவறைக்கு ஊற்றுகிற மருந்து மாதிரி. தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா சின்னப் பெண். "கடைசியா எப்ப யூரின் போச்சு?" என்று கேட்டாள். "இப்பல்லாம் போறதே இல்லம்மா, ரொம்ப சுத்தம்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் என் மேலேயே இருக்கிறது.

என்ன சாப்பிட்டது என்று கேட்டாள். நான்தான் எல்லாவற்றையும் எழுதி வைப்பேனே, படித்துக் காட்டினேன். சோறு, முட்டை, பிஸ்கட். சாயங்காலம் சாமி கும்பிட்டதும் எல்லார் கையிலும் உலர்ந்த திராட்சை போடுவேன் இல்லையா, அதுவும் வந்து உட்கார்ந்து வாயைப் பார்க்கும், அதற்கும் ஒரு பிடி. அங்கே அவள் பேனா நின்றது. சில நாய்களுக்குத் திராட்சை கிட்னியைக் கெடுக்குமாம். எந்த நாய்க்கு, எவ்வளவுக்கு என்று யாராலும் சொல்ல முடியாதாம். சாமிக்கு வைத்ததைக் கொடுத்து ஒரு உயிர் போகுமா? எனக்குப் புரியவில்லை.

உன் வீட்டில் வேறு ஏதாவது தின்றதா என்று கேட்கச் சொன்னாள். யோசித்து எழுது.

அண்ணி


மார்ச் 3

அண்ணிக்கு,

போனை எடுத்தா என்ன சொல்வீங்கன்னு தெரியும், அதான் எடுக்கல. நான் விழுந்த அன்னைக்கே கட்டில் பக்கத்துல வந்து நின்னு, "அந்த நாய் கயித்துல தடுக்கித்தானே விழுந்தே, ஒருநாள் அது உன்னைக் கொல்லப் போகுது, யாருக்காவது குடுத்துடு"ன்னு சொன்னீங்க. இப்ப யார் யாரைக் கொல்றாங்க?

எழுதிட்டேன். அடிச்சுட்டு வேற எழுதலாம்னு பார்த்தா கைக்கு எட்டுற இடத்துல வேற தாள் இல்ல. இருக்கட்டும்.

கடிதம் பூரா அது, அதுன்னு எழுதியிருக்கீங்க. அவன். மேனேஜர் அவன்.

ஒரு பிடி திராட்சையா? தினமுமா? பிஸ்கட் எத்தனைன்னுகூட எழுதி வைக்கிற ஆள் நீங்க, நாய்க்கு என்ன ஆகாதுன்னு ஒரு வார்த்தை யாரையாவது கேட்டிருக்கலாமே. திட்டினீங்கன்னு வேற சொல்றீங்க. அவனை யாரும் திட்டினதே இல்ல அண்ணி. பயந்துபோய் அடக்கி வச்சிருப்பான். அடக்கி அடக்கித்தான் கிட்னி போயிருக்கும். இதை டாக்டர்கிட்ட சொன்னீங்களா, இல்ல அதை மட்டும் எழுதி வைக்கலையா?

என் வீட்ல அவன் கண்டதையும் தின்னவே இல்ல. நல்லாத்தான் இருந்தான்.

அண்ணன் வாசல்லயே நிக்கிறார். உள்ள வாங்கன்னா, "நீ படிச்சு முடி, அப்புறம் வரேன்"ங்கிறார். பஸ்ல கண்ணாடி உடைச்சவன் மாதிரி முகம். அவர் என்ன பண்ணுவார் பாவம்.

மேனேஜருக்குத் தண்ணி நிறைய குடுக்கச் சொல்லுங்க. எவ்வளவு ஊத்த முடியுமோ அவ்வளவும் ஊத்தச் சொல்லுங்க. தண்ணி போனா எல்லாம் கழுவிட்டுப் போயிடும். இடது காதுக்குப் பின்னாடி சொறிஞ்சா தூங்குவான். வலது பக்கம் பிடிக்காது.

பாப்பா


மார்ச் 4, மாலை

பாப்பாவுக்கு,

நீ எழுதியதை ஒருமுறைதான் படித்தேன். மறுமுறை படிக்கத் தைரியம் இல்லை. உனக்காக இனி அவன் என்றே எழுதுகிறேன்.

அடக்கி வைத்தானா என்று டாக்டரம்மாவிடம் அப்படியே கேட்டேன். இல்லையாம். அடக்கி வைத்திருந்தால் மூத்திரப்பை நிறைந்து இருந்திருக்கும், இவனுக்கு அதுவே காலி. கிட்னி தயாரிக்கவே இல்லை. என் சத்தத்துக்கு அவ்வளவு சக்தி கிடையாது என்று சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

நீ தண்ணீர் ஊற்றச் சொன்னாய். அவர்களும் அதைத்தான் செய்தார்கள். முன்காலில் ஊசி குத்தி பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். கீழே ஒரு குழாய் வைத்து, மூத்திரம் வந்தால் விழுவதற்குப் பையும் தொங்கவிட்டார்கள். பகல் பூராவும் பக்கத்தில் உட்கார என்னை விட்டார்கள். சும்மா உட்கார வராதே எனக்கு, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு உள்ளே போவது ஒரு பக்கம், வெளியே வருவது ஒரு பக்கம் என்று குறித்தேன். உள்ளே போவது ஏறிக்கொண்டே போகிறது. வெளியே, பையின் அடியில் ஒரு கரண்டிகூட இல்லை. எங்கோ தப்பாக எழுதிவிட்டேன் என்று திரும்பக் கூட்டினேன்.

"மீதி எங்கம்மா போச்சு?" என்று கேட்டேன்.

"எங்கயும் போகல. அவனுக்குள்ளயே இருக்கு" என்றாள்.

பிறகு காட்டினாள். பாதம் நான்கும் பன்னு மாதிரி உப்பியிருக்கிறது. கண்ணின் ஓரத்தில் நீர் கோத்திருக்கிறது. எத்தனையோ நாளாகச் சாப்பிடாதவன், எடை மட்டும் கூடியிருக்கிறான். மூச்சு வேகமாக வாங்குகிறது, தண்ணீர் நெஞ்சு வரை ஏறுகிறதாம். காலையில் "ஊத்துங்க" என்று சொன்ன அதே டாக்டரம்மா சாயங்காலம் வந்து "நிறுத்துங்க" என்கிறாள். மூத்திரம் பிரிய ஊசி போட்டார்கள். வரவில்லை. தண்ணீர் நல்லதா கெட்டதா? நாக்கு வறண்டு கிடக்கிறது. உடம்பெல்லாம் தண்ணீர், வாயில் தண்ணீர் இல்லை. பஞ்சை நனைத்துத் தடவினேன். அதையும் கணக்கில் எழுதினேன்.

எலி மூத்திரத்தால் வருகிற நோயாகவும் இருக்கலாம் என்று பெரிய டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். இல்லை என்றுதான் வந்தது, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாதாம். படித்தவர்களே இப்படிப் பேசினால் நான் எதைப் பிடித்துக்கொள்வது?

இன்னொன்று. உன் பக்கத்து வீட்டு டீச்சர் உங்க அண்ணனிடம், "மேனேஜர் நொண்டிக்கிட்டு இருந்தானே, கால் சரியாச்சா?" என்று கேட்டார்களாம். பஸ்ஸில் இறங்காமல் வந்து சேர்ந்த சேதி இது ஒன்றுதான். எப்போது நொண்டினான்? நீ எனக்குச் சொல்லவில்லையே.

கோபமாக இருந்தாலும் இதற்குப் பதில் எழுது.

அண்ணி


மார்ச் 5

அண்ணி,

நொண்டினான். நான் விழுந்தப்ப அவன் மேலயும்தான் விழுந்தேன். பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வச்சான். ஆபரேஷனுக்குத் தேதி குடுக்கிற வரைக்கும் கட்டு போட்டு வீட்ல இருக்கச் சொல்லி எனக்கு வலி மாத்திரை குடுத்திருந்தாங்க. ராத்திரி நான் ஒரு பக்கம் முனகுவேன், அவன் ஒரு பக்கம் முனகுவான். எனக்கும் கால் வலி, அவனுக்கும் கால் வலி. என் மாத்திரையில பாதி உடைச்சு பிஸ்கட்டுல வச்சுக் குடுத்தேன். நல்லாத் தூங்கினான். அதனால மறுநாளும் குடுத்தேன். நீங்க வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் குடுத்தேன்.

அது மனுஷ மாத்திரை. கிட்னிக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்? நான்கூட அதைத்தான் சாப்பிடுறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே. அதனாலதான் போன கடிதத்துல எழுதல. மறைக்கணும்னு இல்ல. அவன் எதையும் திருடித் தின்னல, நான் குடுத்தேன். நீங்க கேட்டது தின்னதைப் பத்தி.

மாத்திரை அட்டையை அண்ணன்கிட்ட குடுத்திருக்கேன். டாக்டர்கிட்ட காட்டுங்க. அண்ணன்கிட்ட எதுக்குன்னு சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க.

திராட்சைதான்னு டாக்டர் சொல்லியிருந்தா அதையும் எழுதுங்க.

பாப்பா


மார்ச் 6, மாலை

பாப்பாவுக்கு,

அட்டையைக் காட்டினேன். டாக்டரம்மா கண்ணை மூடித் திறந்தாள், அவ்வளவுதான். திட்டவில்லை. வயிற்றில் புண் இருக்கும் என்று சந்தேகப்பட்டார்களாம், மலம் கறுப்பாகப் போயிருந்தது. அதற்குக் காரணம் மாத்திரைதான். கிட்னிக்கு?

"மாத்திரையா, திராட்சையா?" என்று நேராகவே கேட்டேன். பாப்பா, நான் எதை விரும்பிக் கேட்டேன் என்று உனக்குத் தெரியும். சாமி முன்னால் நின்று அதைத்தான் வேண்டிக்கொண்டு போனேன். வெட்கமாக இருக்கிறது.

"ரெண்டுமே இருக்கலாம். ஒண்ணு கெடுத்ததை இன்னொண்ணு முடிச்சிருக்கலாம். ஒண்ணுமே சம்பந்தமில்லாமலும் இருக்கலாம். அதைத் தெரிஞ்சுக்கிறதால இன்னைக்குச் செய்யறது எதுவும் மாறாதும்மா" என்றாள்.

எனக்கு மாறுமே! உனக்கு மாறுமே! ஆனால் அவளிடம் என்ன பேசுவது. நான் பாசத்தில் கொடுத்தேன், நீ பாசத்தில் கொடுத்தாய், நடுவில் அவன் இரண்டு பேர் கையையும் நம்பித் தின்றான்.

இன்றைய நிலையை ஒளிக்காமல் எழுதுகிறேன். மத்தியானம் நெஞ்சு துடிப்பு ரொம்ப மெதுவாகிவிட்டது. மூத்திரத்தில் வெளியே போக வேண்டிய உப்பு ஏதோ ரத்தத்திலேயே தங்கி இதயத்தைப் பிடித்துவிட்டதாம். ஓடி வந்து ஊசி போட்டார்கள். டிவி மாதிரி ஒன்றில் கோடு போகிறதே, அது மறுபடி ஒழுங்காக ஓடியது. நாளையும் இப்படி ஆகலாம் என்கிறார்கள். வாய்க்குள் புண். நாக்கின் ஓரம் வெந்த மாதிரி இருக்கிறது. கிரியாட்டினின் என்று ரத்தத்தில் தங்குகிற அழுக்கை அளக்கிறார்கள், அது இறங்கவே இல்லை. ரத்தத்தைக் கழுவுகிற மெஷின் நாய்க்கும் உண்டாம், இந்த ஆஸ்பத்திரியில் இல்லை. இருக்கிற ஊருக்கு ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். ஆக்ஸிஜனைக் கழற்றினால் அவன் வாசலைக்கூடத் தாண்ட மாட்டான்.

பெரிய டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். தூங்க வைத்துவிடலாமா என்று கேட்டார். முதலில் எனக்குப் புரியவில்லை, "ஆமாங்க, தூங்கியே நாளாச்சு" என்றேன். பிறகு புரிந்தது, ஊசி போட்டு எழுந்திருக்காத தூக்கம். அதற்கு உரிமைக்காரர் கையெழுத்து வேண்டும். நான் இல்லை, நீ.

உயிரைக் கொடுத்தவன் எடுத்துக்கொள்ளட்டும், நாம் யார் என்று சொல்கிற ஆள் நான். அவன் வாயைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செய் என்றும் எழுத முடியவில்லை, செய்யாதே என்றும் எழுத முடியவில்லை. விளக்கேற்றி நிற்கிறேன், என்ன கேட்பது என்று தெரியாமல் கையைக் கூப்பிவிட்டு வந்துவிடுகிறேன்.

நீதான் சொல்ல வேண்டும்.

அண்ணி


மார்ச் 7

அண்ணி,

முடியாதுன்னு எழுதினேன். கிழிச்சேன். சரின்னு எழுதினேன், அதையும் கிழிச்சேன். அண்ணன் குனிஞ்சு துண்டையெல்லாம் பொறுக்கறார். டீச்சர் வந்து எட்டிப் பாத்துட்டு, "சாப்பாடு ஆறுது"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

என்னால அவனைப் பாக்க முடியல. நீங்க பாக்கறீங்க. உங்க கண்ணை நம்பி நான் கையெழுத்துப் போடணும். ரெண்டு வாரம் முன்னாடி இதை யாராவது சொல்லியிருந்தா அவங்களை அடிச்சிருப்பேன்.

சம்மதத் தாள் தனியா எழுதி வச்சிருக்கேன். கையெழுத்துப் போட்டாச்சு. ஆனா ஒரே ஒரு விஷயம், அது தாள்ல இல்ல, உங்களுக்கு மட்டும். நான் வேலைக்குப் போயிட்டா அவன் கதவைப் பாத்துக்கிட்டே படுத்திருப்பான். காய்ச்சல்ல கிடந்தப்பகூட கதவு பக்கம்தான் முகம் இருக்கும். என்னைத் தேடறதை அவன் எப்பவும் நிறுத்தினதில்ல. இப்பவும் தேடினான்னா தாளைக் குடுக்காதீங்க. தேடலைன்னா குடுத்துடுங்க.

அவன் தேடறது உங்களுக்குத் தெரியுமா? வாய்விட்டு அழ மாட்டான். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பாத்தா தெரியும்.

குடுத்தா, குடுத்தேன்னு மட்டும் எழுதுங்க. வேற எதுவும் எழுதாதீங்க.

பாப்பா


மார்ச் 8, காலை

பாப்பா! வந்துவிட்டது! மூத்திரம் வந்துவிட்டது!

உங்க அண்ணன் இந்நேரம் உங்க ஊரிலிருந்து கிளம்பியிருப்பார். அவர் வந்து திரும்பும் வரை பொறுக்க முடியவில்லை, அதனால் இங்கிருந்து புறப்படுகிற எதிர்வண்டி டிரைவரிடம் கொடுக்கிறேன். நீ போனை எடுத்திருந்தால் இவ்வளவு பாடு இல்லை.

காலையில் நான் உள்ளே போகும்போதே தரை துடைக்கிற அம்மா துடைப்பத்தோடு ஓடி வந்து, "உங்க மேனேஜர் கையெழுத்துப் போட்டுட்டாரு, பை நிறைஞ்சு போச்சு, மாத்தியாச்சு!" என்று கத்தினாள். நான் அந்தப் பையைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடாக இருந்தது. சாமி படத்துக்குக் கீழே விட்டதற்கு அப்படிக் கத்தியவள், அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

ஆனால் டாக்டரம்மா முகத்தில் பெரிய மகிழ்ச்சி இல்லை. இது வெறும் தண்ணீராம். கிட்னி கதவைத் திறந்துவிட்டதே தவிர, அழுக்கைப் பிரித்து அனுப்பக் கற்றுக்கொள்ளவில்லை. இனிமேல் போகிற அளவுக்கு ஈடாக ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வற்றிப் போவான். நேற்று வரை உள்ளே தங்குகிறதே என்று பயம், இன்று உள்ளே தங்கவில்லையே என்று பயம். என் நோட்டில் இரண்டு பக்கமும் தலைகீழாகிவிட்டது. நல்லது நடந்தால் நல்லது மாதிரி நடக்கக் கூடாதா?

எப்படியானாலும் நீ கையெழுத்துக் கிய்யெழுத்து எதுவும் போட்டுவிடாதே. அதைச் சொல்லத்தான் இந்த அவசரம்.

அண்ணி


மார்ச் 8, மதியம்

அண்ணி! போட்டுட்டேனே! அண்ணன்கிட்ட குடுத்துட்டேனே! நீங்க அனுப்பின வண்டியும் அவர் வண்டியும் நடுவழியில எங்கேயோ ஒண்ணையொண்ணு தாண்டி, ஹாரன்கூட அடிச்சிருப்பாங்க.

கிழிச்சுப் போடுங்க. தாளைக் கிழிச்சுப் போடுங்க. கிழிச்சேன்னு சொல்லுங்க.

உங்களுக்கு போன் பண்ணிப் பண்ணி கை வலிக்குது. இப்ப நீங்க எடுக்கல. அண்ணனைப் பிடிச்சேன். "குடுத்துட்டேன், அவ பையில வச்சா"ங்கிறார். அப்புறம்னு கேட்டா, "அப்புறம் எனக்குத் தெரியாதும்மா, எனக்கு டிப்போல வேலை"ங்கிறார். நாய் எப்படி இருக்குன்னு கேட்டா, "இருக்கு" அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்ட்ல பயணி கேக்கற கேள்விக்குச் சொல்ற பதில்!

அதே எதிர்வண்டி டிரைவர் நாளைக்குக் காலையில திரும்புறார். அவர்கிட்ட இதைக் குடுக்கறேன்.

குடுத்துட்டீங்களா?

பாப்பா


மார்ச் 11

பாப்பாவுக்கு,

மேனேஜர் உயிரோடு இருக்கிறான். முதலில் அதை எழுதிவிடுகிறேன். இனி நடந்ததைக் கேள்.

எட்டாம் தேதி உனக்குச் சந்தோஷமாக எழுதி அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தேன். அதற்குள் வாந்தி எடுத்திருக்கிறான். தலையைத் தூக்கத் தெம்பில்லாததால் வாந்தி மூச்சுக்குழலுக்குள் போய்விட்டது. நுரையீரலில் சளி கட்டி, காய்ச்சல் ஏறி, இரைக்க ஆரம்பித்தான். கிட்னிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், நுரையீரலுக்கு ஊற்றக் கூடாது. ஒரே அடுப்படியில் இரண்டு மருமகள் மாதிரி, ஒருத்திக்கு வேண்டியது இன்னொருத்திக்கு ஆகவில்லை. கிரியாட்டினின் அன்றுதான் முதல்முறையாக இறங்கியது. சீட்டைப் பார்த்தால் தேறுகிறான், ஆளைப் பார்த்தால் போகிறான்.

அந்த நேரத்தில் உங்க அண்ணன் வந்து உன் தாளைக் கொடுத்தார். நீ எழுதியதைப் படித்தேன். பெரிய டாக்டர் வராந்தாவிலேயே நின்றுகொண்டிருந்தார். "அம்மா, கிட்னி திரும்பலாம், ஆனா அதுவரைக்கும் இவன் மூச்சுக்குப் போராடணும். ரொம்பக் கஷ்டப்படுவான். கையெழுத்து வந்துடுச்சுன்னா நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். வரலைன்னா நாங்க பாக்கறோம்" என்றார்.

வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை.

கதவைப் பார்க்கிறானா என்று போய்ப் பார்த்தேன். அவன் கூண்டு கதவுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து இருக்கிறது, திரும்பக் குழாய்கள் விடாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் அதற்குக் காரணம் கூண்டுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், உன் பெயரையும் சொன்னேன். காது அசைந்த மாதிரி இருந்தது. மின்விசிறிக் காற்றாகவும் இருக்கலாம். பாத்தா தெரியும் என்று நீ எழுதியிருந்தாய். எனக்குத் தெரியவில்லை, பாப்பா. நான் அவனோடு எத்தனை நாள் இருந்திருக்கிறேன்?

கடைசியில் அந்தத் தாளையே அவன் மூக்குக்கு முன்னால் பிடித்தேன். நீ மடியில் வைத்து எழுதிய தாள். அவன் மூக்கை அதில் வைத்தான். எடுக்கவில்லை. வைத்தபடியே இரைத்தான். வால் ஒரு முறை படுக்கையில் தட்டியது.

நான் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, "கையெழுத்து வரலைங்க" என்று டாக்டரிடம் பொய் சொன்னேன். நீ போன் செய்துகொண்டே இருந்தாய், பார்த்தேன். எடுத்தால் "குடுங்க" என்று சொல்லிவிடுவாயோ, "குடுக்காதீங்க" என்று சொல்லிவிடுவாயோ, இரண்டுக்கும் பயம். உங்க அண்ணனையும் எதுவும் பேச வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், அவரைத் திட்டாதே. மறுநாள் மதியம் கிழிக்கச் சொல்லி நீ எழுதியது வந்தது. கிழித்தேன்.

ஆனால் அதற்கு முந்திய ராத்திரியும் அடுத்த ராத்திரியும் அவன் பட்ட பாடு இருக்கிறதே, அதை நான் உனக்கு எழுத மாட்டேன். உன் சொல்படி பார்த்தால், தேடியிருந்தால்தான் அதைப் பட வேண்டும். தேடினானா, வெறுமனே மோந்தானா? உன் வாசனையா, நீ காலில் தடவுகிற களிம்பு வாசனையா? வால் தட்டியது என்னைப் பார்த்தா, உன்னை நினைத்தா, வலியிலா? நீ நேரில் கேட்டால் தேடினான் என்றுதான் சொல்வேன். கடிதத்தில் அப்படி எழுத வரவில்லை.

நேற்று காய்ச்சல் விட்டது. இன்று ஒரு கரண்டி சோறு நக்கினான். எனக்கு அழுகை வந்தது, டாக்டரம்மாவுக்கும் வந்தது, அவள் முகமூடி போட்டிருந்ததால் தப்பித்தாள். வெள்ளிக்கிழமை கூட்டிப் போகலாம் என்கிறார்கள். கிட்னி முழுதும் திரும்பாது. எவ்வளவு திரும்பும், எத்தனை காலம் தாங்கும் என்று கேட்டால் கையை விரிக்கிறார்கள். எப்போதும் பக்கத்தில் தண்ணீர் இருக்க வேண்டும், கேட்காமல் ஒரு மாத்திரை கூடாது. திராட்சை கூடாது என்று அவர்கள் சொல்ல வேண்டியதே இல்லை. எங்கள் வீட்டில் இப்போது சாமிக்கே கற்கண்டுதான்.

அண்ணி


மார்ச் 12

அண்ணி,

படிச்சேன். இனிமே போனை எடுக்கறேன். நீங்களும் எடுங்க. ஆனா இதைப் போன்ல சொல்ல வராது, அதனால எழுதிடறேன்.

கிழிக்கச் சொல்லி எழுதினேன் இல்ல, அது நிஜம். அன்னைக்குச் சாயங்காலம் நுரையீரல்னு அண்ணன் போன்ல உளறினதும், நீங்க ஏற்கனவே குடுத்திருக்கணுமேன்னு நினைச்சேன். அதுவும் நிஜம். மறுநாள் அண்ணன் வந்து "அவ குடுக்கலையாம்"னு சொன்னப்ப எனக்கு முதல்ல வந்தது கோபம். அழுது முடிச்சிருந்தேன் அண்ணி. கையெழுத்துப் போட்ட ராத்திரியே மொத்தமா அழுது முடிச்சு, கயித்தைச் சுருட்டி, படுக்கையை மூட்டை கட்டச் சொல்லியாச்சு. மறுபடியும் முதல்லேர்ந்து பயப்படணுமேன்னு கோபம். ஒரு நாய் பிழைச்சதுக்குக் கோபப்படற ஆள் நானான்னு அதுக்கு அப்புறம் ஒரு அழுகை. இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க.

அவன் தேடினானான்னு உங்களை நேர்லயும் கேக்க மாட்டேன். நீங்க அன்னைக்கு டாக்டர்கிட்ட சொன்ன பொய்யை நான் சொல்லியிருப்பேனான்னு யோசிச்சேன். தெரியல.

வெள்ளிக்கிழமை அண்ணன் வண்டியிலேயே அவனைக் கூட்டிட்டு வந்து விட்டுட்டுப் போங்க. நீங்களும் ரெண்டு நாள் இருங்க. இந்தக் காலை வச்சுக்கிட்டு என்னால அவனைத் தூக்க முடியாது, உங்க நோட்டு இல்லாம எவ்வளவு குடிக்கிறான்னு கணக்குப் பாக்கவும் வராது.

ஒரு சின்னச் சிக்கல். அவன் தண்ணிக் கிண்ணம், பெரிய எவர்சில்வர் கிண்ணம், அதைக் கண்ணுல பாக்க முடியலன்னு டீச்சருக்குக் குடுத்துட்டேன். ஏன் குடுத்தேன்னு நான் சொல்லல, அவங்களும் கேக்கல, ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாங்க. இப்ப மதில் மேல வச்சுத் தண்ணி ஊத்தியிருக்காங்க. ஜன்னல் வழியா தெரியுது, குருவிங்க இறங்கிக் குளிக்குது, டீச்சர் காப்பி டம்ளரோட நின்னு பாத்துக்கிட்டிருக்காங்க. அதுல குடிச்சாத்தான் அவன் நிறைய குடிப்பான்.

ஊன்றுகோலை எடுத்து வச்சுட்டேன். பக்கத்து வாசல்தான், ரெண்டு படி, இறங்கிடுவேன். போய் நின்னு என்ன சொல்லிக் கேக்கறதுன்னுதான் தெரியல.

பாப்பா